அடிப்பக்கம்

எனக்குக் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. தூத்துக்குடியில் ஒரு வங்கிக் கிளையில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவுக்கு அதற்கான அவசியமும் இதுவரை ஏற்படவில்லை. அப்படிப்பட்டவன் பனி விழும் தேசத்தில் காரின் அடிப்பாகம் துருப்பிடிப்பதைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பது இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் சிலருக்கு விநோதமாகப் படலாம். படிமம் பற்றி ஒரு கட்டுரை தருவதாகத்தான் ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். அது நாலு பக்கத்தோடு நின்றுவிட்டது. எழுத எழுத என் வாக்கியங்களின் மேலேயே எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. அந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் அது ஒரு பழைய காரின் அடியில் போய் நிற்கிறது. ஆகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

2022 செப்டம்பர் கடைசியில் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டுக் கனடாவுக்குப் போனேன். அக்காவுக்கு முதுகில் ஆபரேஷன். வீட்டில் அத்தான் ஒருவர்தான். அவருக்கும் ஷிப்ட் வேலை. ஊரின் பெயர் லண்டன். ஆங்கில இலக்கியம் படித்தவனைக் கேலி செய்வதற்கென்றே வைத்தது போல, அங்கே ஓடும் ஆற்றுக்கும் தேம்ஸ் என்றே பெயர். ஒண்டாரியோ மாகாணத்தின் தென்மேற்கில், ஹியூரான் ஏரியின் பனியை வாங்கிக்கொள்ளும் ஊர். ஏரியின் மேலாக வரும் குளிர்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, கரை தாண்டியதும் கொட்டிவிடுகிறது. பனி விழுந்த ராத்திரி ஜன்னலில் நின்று பார்த்தால், மஞ்சள் விளக்குச் சுழல ஒரு லாரி ரோட்டின்மேல் எதையோ விசிறிக்கொண்டு போகும். முதல் தடவை பார்த்தபோது மணல் என்று நினைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தால் உப்பு. சந்தேகம் தீர நாக்கில் வைத்தும் பார்த்தேன். உப்பள ஊரில் பிறந்தவனுக்கு அந்தப் பழக்கம் போகாது.

இந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்பதை அத்தான் அக்டோபரிலேயே காட்டியிருந்தார். லண்டனிலிருந்து வடமேற்கே சுமார் 100 கிலோமீட்டரில் காடரிச் என்ற ஊர். 1866-இல் அங்கே பெட்ரோலியம் கிடைக்கும் என்று துளை போட்டவர்களுக்குக் கிடைத்தது உப்புப் பாறை. இன்று அதுதான் உலகத்திலேயே மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம். ஏரியின் அடியில் சுமார் 1,800 அடி ஆழத்தில் வெட்டிக்கொண்டே போகிறார்கள். துறைமுகத்தில் நின்று பார்த்தபோது கப்பலில் உப்பு ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் உப்பின் வெள்ளை அதற்கு இல்லை, சாம்பல் கலந்த நிறம். ஆலிஸ் மன்றோ வெகுகாலம் வாழ்ந்த கிளின்டன் அந்த வழியில்தான் இருக்கிறது. காரை நிறுத்தச் சொன்னேன். அத்தான் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை, ஆனால் நிறுத்தினார். இருவரும் காபி குடித்துவிட்டுக் கிளம்பினோம். இலக்கியத்துக்கு அன்றைக்கு அவ்வளவுதான் இடம்.

உப்பு போட்டால் பனிக்கட்டி ஏன் இளகுகிறது என்பது பள்ளிக்கூடப் பாடம். உப்பு கலந்த தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறைவதில்லை. ஆனால் சாதா உப்பின் வீரம் நடைமுறையில் மைனஸ் 10 டிகிரி வாக்கில் தீர்ந்துவிடுகிறது. அதற்கும் கீழே போனால் கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு என்று வேறு உப்புகளைக் கலக்கிறார்கள். இவை காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்பவை; ரோடு காய்ந்தாலும் தகட்டின்மேல் இவை காய்வதில்லை. சில ஊர்களில் பனிக்கு முன்பே ரோட்டில் உப்புத்தண்ணீரைத் தெளித்துவிடுகிறார்கள். அதன் அளவு நூற்றுக்கு 23 பங்கு உப்பு. இதைக் கேட்டபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அவர் உப்பளத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். கடல்நீர் 3 டிகிரி. வெயிலில் பாத்தி மாற்றி மாற்றிக் காய்ச்சி 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால் உப்பு பூக்கும் என்று, டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுக் காட்டியிருக்கிறார். ஆக, கனடாவில் கார்கள் ஓடுவது ஏறக்குறைய உப்பு பூக்கிற பாத்திக்குள். தூத்துக்குடியில் உப்பள வேலைக்கு இறங்குகிறவனின் கால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். கார்களுக்கும் அதுதான் ஆகிறது. அந்தத் தேசத்தில் வருஷத்துக்குச் சுமார் 50 லட்சம் டன் உப்பை ரோட்டில் கொட்டுகிறார்கள். 2001-இல் அவர்களுடைய அரசாங்கமே, இந்த உப்பு ஏரிகளுக்கும் மரங்களுக்கும் விஷம் என்று ஆராய்ந்து சொல்லிவிட்டது. சொன்ன பிறகும் கொட்டித்தான் ஆகவேண்டியிருக்கிறது. கொட்டாவிட்டால் மனிதர்கள் சாவார்கள்.

டிசம்பர் இரண்டாவது வாரம். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் காட்டிவிட்டு அக்காவைப் பின் சீட்டில் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்துக்கொண்டு வந்தோம். வீட்டுத் தெருவுக்கு முந்தின சிக்னலில் அத்தான் பிரேக்கை மிதித்தார். மிதி தரைவரை போய்விட்டது. கார் நிற்கவில்லை, சிவப்பு விளக்கைத் தாண்டி மெதுவாக வழுக்கிக்கொண்டு போய் நடுவில் நின்றது. இடது பக்கத்திலிருந்து வந்த பெரிய பிக்கப் வண்டி எப்படியோ ஒதுங்கிப் போய்விட்டது. ஹாரன் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அக்கா, "என்ன ஆச்சு?" என்று ஒன்றும் புரியாமல் கேட்டாள். நாங்கள் பதில் சொல்லவில்லை. இப்போதைய கார்களில் பிரேக்குக்கு இரண்டு தனித்தனிக் குழாய்வழிகள் உண்டாம். ஒன்று போனாலும் மற்றது பாதிப் பிரேக்காவது பிடிக்கும். அந்தப் பாதிதான் எங்களை நிறுத்தியது.

வண்டியை இழுத்துக்கொண்டு போய் நிறுத்திய ஒர்க்‌ஷாப்பில், போர்த்துகலிலிருந்து வந்து குடியேறிய ஒரு கிழவர் அதை லிஃப்டில் தூக்கினார். ஒரு காரின் அடியை அன்றைக்குத்தான் முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தேன். என் கண்ணுக்கு அது பிரமாதமாக இருந்தது. கரேலென்று, ஒரே சீராக, புதுச்செருப்பின் அடித்தோல் மாதிரி. மூன்று வருஷம் முன்பு பழைய வண்டியாக இதை வாங்கியபோது, விற்றவர்கள் இந்த ரப்பர் பூச்சைத்தான் முதலில் காட்டினார்களாம். துருவுக்கு இனிக் கவலையே வேண்டாம் என்று அதற்குத் தனியாகப் பணமும் வாங்கியிருந்தார்கள். கிழவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கதவுகளுக்கு அடியில் நீளவாக்கில் பெட்டி மாதிரி ஓடும் தகட்டில் மெதுவாக அழுத்தினார். அது உள்ளே போயிற்று. தகடு இருந்த இடத்தில் பூச்சு மட்டும் இருந்தது. பூச்சு தகட்டின் வடிவத்தை அச்சு அசலாக வைத்துக்கொண்டிருந்தது. இன்னொரு இடத்தில் விரலால் பிடித்து இழுத்தார். ஒரு முழம் நீளத்துக்குத் தோல் உரிவது போல உரிந்து வந்தது. அதன் உட்புறம் முழுக்கச் செதில் செதிலாகத் துரு, ஈரத்தோடு. பிரேக் குழாயும் அந்தப் பூச்சுக்குள்ளேயே இருந்து, உள்ளுக்குள் வெடித்திருந்தது.

"மாப்ளே, இதுக்குக் காசு வேற குடுத்திருக்கேன்" என்றார் அத்தான். அவ்வளவுதான் சொன்னார்.

பிறகு ராத்திரிகளில் இதைப் பற்றிப் படித்தேன். வேறு வேலை இல்லை. அக்கா சீக்கிரம் தூங்கிவிடுவாள். துரு என்பது ஒரு சின்ன மின்கலம். இரும்பு ஓரிடத்தில் கரைகிறது. இன்னோரிடத்தில் காற்றின் ஆக்ஸிஜன் அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்கிறது. நடுவே ஓட்டத்துக்கு வழி விடுவது தண்ணீர். உப்பு சேர்ந்தால் அந்த வழி ராஜபாட்டை. கேம்பிரிட்ஜில் யு. ஆர். எவன்ஸ் என்பவர் 1920-களில் செய்த ஒரு பரிசோதனை என்னைத் தூங்கவிடவில்லை. ஓர் இரும்புத் தகட்டின் மேல் ஒரே ஒரு சொட்டு உப்புத்தண்ணீர். எங்கே அரிக்கும்? காற்று தாராளமாகப் படுகிற விளிம்பில் என்றுதான் நானும் நினைத்தேன். விளிம்பு பிழைத்துக்கொள்கிறது. காற்று எட்டாத நடுப்பகுதிதான் கரைகிறது. அதாவது மூடிக்கிடக்கிற இடம்தான் தின்னப்படுகிற இடம். சக்கரத்தின் மேல்வளைவில் அப்பிக்கிடக்கும் சேற்றின் அடியில், இரண்டு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்த மடிப்பில், விரிசல் விட்ட பூச்சின் பின்னால். கெட்டியான பூச்சு கெட்டதே இல்லை; புதுத் தகட்டில், ஈரமில்லாமல், பழுதில்லாமல் பூசினால் நிற்கும். ஆனால் கல் தெறித்து ஒரு மயிரிழை விரிசல் விழுந்தால் போதும். உப்புத்தண்ணீர் உள்ளே போகும்; வெளியே வராது. ஏற்கெனவே துருப்பிடித்ததன் மேல் பூசினால் கேட்கவே வேண்டாம். இரும்பைக் காட்டிலும் துரு பல மடங்கு இடம் கேட்கும். அது ஊதிப் பெருத்துப் பூச்சைத் தகட்டிலிருந்து தள்ளிவிட்டு, அந்த இடைவெளியில் குடியிருக்கும்.

எனக்கு இன்னொரு தகவலும் ஆச்சரியமாக இருந்தது. குளிரில் காரை வெளியே விடாமல், வீட்டோடு ஒட்டிய சூடான கராஜில் வைப்பதுதான் அக்கறை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மைனஸ் 15-இல் வெளியே நிற்கும் காரில் எல்லாம் உறைந்து கிடக்கும். துருவும் ஏறக்குறையத் தூங்கும். அதே உப்புப்பனியோடு கதகதப்பான கராஜுக்குள் கொண்டுவந்தால், பனி இளகித் தகட்டை நனைக்கும், துரு விழித்துக்கொள்ளும். ராத்திரிக்கு ராத்திரி இது நடக்கும். அத்தானின் கராஜில் ஒரு சின்ன ஹீட்டர் இருந்தது. அதை வாங்கிக் கொடுத்ததே அக்காதான். அவளிடம் இதைச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் அப்பாவின் சைக்கிளைப் பற்றிச் சொல்லவேண்டும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா உப்பளத்துக்குச் சைக்கிளில் போய்வருவார். சனிக்கிழமை தவறாமல், லாரி ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு டப்பாவில் வாங்கிவந்த வேஸ்ட் ஆயிலில் துணியை முக்கி, சைக்கிள் முழுக்கத் தடவுவார். செயின், மட்கார்டு, போர்க், ரிம்மின் உட்புறம், ஒன்று விடமாட்டார். பார்க்க அருவருப்பாக இருக்கும். கறுப்பாகவும் இல்லாமல் பழுப்பாகவும் இல்லாமல், தூசி ஒட்டிக்கொண்டு. அதில் ஏறிப் போனால் வெள்ளைச் சட்டையில் கட்டாயம் கறை. 2006-இல் நான் பி.ஏ. முதல் வருஷம். கல்லூரி நண்பர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அன்றைக்கு எலியட் படித்துக்கொண்டிருந்தவனுக்கு வாசலில் நின்ற அந்தச் சைக்கிள் சகிக்கவில்லை. ஒரு டின் கறுப்பு எனாமல் பெயிண்ட் வாங்கிவந்தேன். மண்ணெண்ணெயில் ஆயிலைத் துடைத்தேன். அடியில் அங்கங்கே துரு தெரிந்தது. உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத்தான் அடிக்கவேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். தேய்க்கச் சோம்பல். அப்படியே இரண்டு கோட்டிங் அடித்துவிட்டேன். சைக்கிள் புதுசு மாதிரி ஆகிவிட்டது. அப்பா சாயங்காலம் வந்து பார்த்தார். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பெயிண்டின் மேல் ஆயில் போட்டால் நான் வருத்தப்படுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, அதன் பிறகு ஆயில் டப்பாவை எடுக்கவில்லை.

எட்டு மாசம் கழித்து, உப்பு லாரிகள் போகும் ரோட்டில், முன்போர்க் கழுத்தோடு ஒடிந்தது. அப்பா தலைகுப்புற விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. பின்னால் வந்த லாரி நின்றுவிட்டது. உப்பு வாரும் நாட்கள் அவை. ஒன்றரை மாசம் சம்பளம் போயிற்று. ஒடிந்த போர்க்கை ஒருநாள் கையில் எடுத்து முறிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே தாள் மாதிரி ஆகியிருந்தது. மேலே என் பெயிண்ட் பளபளவென்று ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. என்னைத் திட்டவில்லை. "பெயிண்ட் அடிக்காம இருந்தா என் கண்ணுல பட்டிருக்கும்லா" என்றார். யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். 2017-இல் அப்பா போய்விட்டார். அந்த வாக்கியத்தை லண்டன் ஒர்க்‌ஷாப்பில் லிஃப்டின் அடியில் நின்றபோது நான் மறுபடி கேட்டேன்.

அதுவரை அப்பா தடவிய ஆயில் துருவைத் தடுப்பதற்கு மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். பாதிதான் அப்படி. ஆயில் எதையும் மறைப்பதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தத் துணி சைக்கிளின் ஒவ்வொரு அங்குலத்தையும் தொட்டுவந்தது. விரல் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அந்தச் சனிக்கிழமைகளைத்தான் பெயிண்ட் அடித்து மூடினேன்.

கிழவர் புதிய பிரேக் குழாய் போட்டார். இரும்புக்குப் பதில் செம்பும் நிக்கலும் கலந்த குழாய், அது துருப்பிடிக்காது. இது முன்பே தெரிந்த உலோகம்தானே, கார் செய்கிறவர்கள் ஏன் முதலிலேயே இதைப் போடுவதில்லை என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். அமெரிக்காவில் பிக்கப் லாரிகளில் பிரேக் குழாய் அரித்துப்போகிறதென்று புகார் குவிந்து, 1999 முதல் 2003 வரை செய்த சுமார் 50 லட்சம் வண்டிகளைப் பற்றி அரசாங்கம் விசாரித்தது. அது தயாரிப்புக் குறை அல்ல, வயதானதால் வரும் தேய்மானம் என்று 2015-இல் விசாரணையை மூடிவிட்டார்கள். வண்டியின் அடியை அவ்வப்போது கழுவுங்கள் என்று ஜனங்களுக்குப் புத்திமதியும் சொன்னார்கள். புத்திமதி நல்ல புத்திமதிதான்.

ஓட்டை விழுந்த இடத்தில் தகடு வைத்து வெல்டிங் செய்துவிட்டு, மிச்சம் இருக்கும் பூச்சை முழுக்கச் சுரண்டி எடுத்தால் வண்டி இன்னும் நாலைந்து வருஷம் ஓடும், கூலிக்குச் செய்தால் வண்டியின் விலையைத் தாண்டிவிடும், நீங்களே செய்யுங்கள் என்றார் கிழவர். செய்தோம். கிறிஸ்துமஸ் லீவும் அதற்குப் பிந்திய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும். காரை நாலு ஸ்டாண்டுகளின் மேல் ஏற்றிவைத்து, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, அட்டையை விரித்து இருவரும் அடியில் மல்லாந்து படுத்தோம். கராஜில் ஹீட்டரை அணைத்துவிட்டிருந்தோம். மூச்சு புகையாக வந்தது. பூச்சு இரண்டு விதமாக நடந்துகொண்டது. அடியில் துரு இருந்த இடங்களில் தொட்டதும் தகடாகப் பெயர்ந்து மூஞ்சியில் விழுந்தது. இரும்பு நன்றாக இருந்த இடங்களில் மட்டும் இறுகப் பற்றிக்கொண்டு போராடியது. அத்தான் அதிகம் பேசாதவர். 18 வருஷமாக அந்த ஊரில் இருக்கிறார். அடியில் படுத்துக்கொண்டு, முகம் தெரியாத அந்த நிலையில், அவர் பேச ஆரம்பித்தார். வேலையில் ஷிப்ட் குறைத்துவிட்டதை, அக்காவிடம் அதைச் சொல்லாமல் இருப்பதை, ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி இந்தக் கராஜில் வந்து உட்கார்ந்திருந்ததை. நான் கம்பி பிரஷ்ஷை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவரும் நிறுத்திவிடுவார் என்று பட்டது.

அவர்தான் எலியட் லேக் கதையையும் சொன்னார். ஒண்டாரியோவின் வடக்கே ஒரு சிற்றூர். 1980-இல் அங்கே ஒரு பெரிய வணிக வளாகம் கட்டினார்கள். கார் நிறுத்தும் இடம் மொட்டைமாடியில். குளிர்காலம் முழுக்கக் கார்கள் ரோட்டு உப்பைச் சுமந்துகொண்டு மேலே ஏறி நின்றன. அது உருகிக் கூரைக்குள் இறங்கியது. கட்டிய நாளிலிருந்தே ஒழுக்கு. கடைகளுக்கு நடுவில் வாளி வைத்தார்கள். கூரைக்குக் கீழே தார்ப்பாய் கட்டித் தண்ணீரை ஒதுக்கினார்கள். உரிமையாளர்கள் மாறினார்கள், ஒழுக்கு மாறவில்லை. 2012 ஜூன் 23-ஆம் தேதி உத்தரத்தைத் தூணோடு இணைத்த ஒரு வெல்டிங் அரித்துப்போய் விட்டுவிட, கூரையின் ஒரு பகுதி கார்களோடு உள்ளே விழுந்தது. இரண்டு பெண்கள் செத்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஒரு இன்ஜினியர் வந்து பார்த்து, கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார். 2014-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை இதையெல்லாம் விஸ்தாரமாகச் சொல்கிறது. நான் அதில் கொஞ்சம் படித்தேன். பக்கம் பக்கமாக யாரோ ஒருவர் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வருகிறார்.

இரண்டு கவிதைத் தொகுதிகளுக்கு நான் முன்னுரை எழுதியிருக்கிறேன். ஒன்றை எழுதியபோது அந்தக் கவிதைகள் உள்ளே என்னவாக இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். நண்பன், முதல் தொகுதி, அவன் மனைவி நகையை வைத்துத்தான் அச்சுச்செலவு. 'இருண்மையின் அழகியல்' என்று எழுதினேன். நல்ல கெட்டியான பூச்சு. அவன் அதை நம்பி அதே மாதிரி இன்னும் 80 கவிதை எழுதினான். போன வருஷம் எழுதுவதையே விட்டுவிட்டான். நம் விமரிசனத்தில் பெரும்பகுதி இந்தக் கராஜில் பெயர்ந்து என் மூஞ்சியில் விழுந்த சரக்கு என்று எழுத எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. மற்றவர்களைச் சொல்வது சுலபம் என்பதால் என்னதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

துருவைத் தடுப்பதில் ரொமான்டிக் கவிஞர்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பாடத்தில் வராத விஷயம். வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து வெளியிட்ட 'லிரிகல் பாலட்ஸ்' 1800-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, அதன் நிறுத்தக்குறிகளைச் சரிபார்த்துக் கொடுக்கும்படி கேட்கப்பட்டவர் ஹம்ப்ரி டேவி என்ற இளம் ரசாயன விஞ்ஞானி. அதே டேவி 1824-இல், போர்க்கப்பல்களின் அடியில் அறைந்திருந்த செம்புத் தகடுகளைக் கடல் அரிப்பதைத் தடுக்க ஒரு யுக்தி சொன்னார். துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ அதோடு இணைத்துவிட்டால் கடல் முதலில் அதைத் தின்னும்; செம்பு பிழைக்கும். பிழைத்தது. ஆனால் செம்பு கரையும்போது கசிகிற விஷம்தான் அதுவரை சிப்பிகளை அண்டவிடாமல் வைத்திருந்தது. செம்பு கரையாமல் போகவே கப்பலின் அடி முழுக்கச் சிப்பி பற்றி, கப்பல்களின் வேகம் குறைந்தது. கடற்படை கைவிட்டது. யுக்தி மட்டும் செத்துப்போகவில்லை. இன்றைய கார்களின் தகட்டில் துத்தநாக முலாம் அதே வேலையைத்தான் செய்கிறது. தான் முதலில் கரைந்து. இதைப் பார்த்துவிட்டுச் சிலர் காரில் மாட்டிக்கொள்ள ஒரு மின்பெட்டி விற்கிறார்கள். கப்பல் கடலில் முழுகியிருக்கிறது, குழாய் மண்ணில் புதைந்திருக்கிறது, அங்கே அது பலிக்கும். காற்றில் ஓடும் காரில் பலிக்க வழியில்லை. அத்தானின் அலமாரியில் அந்தப் பெட்டியும் ஒன்று இருந்தது.

சுரண்டி முடித்து, உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் உலரவிட்டு, பிறகு எண்ணெய் அடித்தோம். அப்பாவின் முறைப்படி வேஸ்ட் ஆயில் அடித்தால் செலவில்லையே என்று கேட்டேன். பழைய ஆயிலில் எரிந்த அமிலம் இருக்கும், அது இரும்புக்கே ஆகாது, சொட்டினால் சாக்கடை வழியே ஏரிக்குப் போகும், பிடித்தால் அபராதம் என்றார் அத்தான். அப்பாவுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. நாங்கள் அடித்தது ஆட்டு மயிரிலிருந்து எடுக்கும் லனோலின் கலந்தது. குளிரில் அது கெட்டிப்படுகிறது; டின்களை வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் வைத்து இளக்கிக்கொண்டோம். செம்மறியாட்டு மந்தைக்குள் படுத்திருப்பது போல ஒரு வாடை. அந்த எண்ணெய் உலர்வதே இல்லை. மடிப்புகளுக்குள் தானாக ஊர்ந்து போகிறது, தண்ணீரை விலக்குகிறது, கல் தெறித்துக் கீறினால் பக்கத்திலிருந்து நகர்ந்து வந்து மூடுகிறது. கதவுகளுக்குள்ளும் அந்தப் பெட்டித் தகட்டுக்குள்ளும் நீளக் குழாயை நுழைத்து அடிக்கவேண்டும். அவற்றின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகள் அடைபடாமல் பார்க்கவேண்டும். பிரேக் தட்டிலும் சைலன்ஸர் குழாயிலும் படக்கூடாது. ஒரே ஒரு குறை: ஒரு குளிர்காலம்தான் தாங்கும். அடுத்த வருஷம், உப்பு லாரி கிளம்பும் முன், மறுபடி வண்டியைத் தூக்கி மறுபடி எல்லாவற்றையும் பார்த்து மறுபடி அடிக்கவேண்டும். அத்தான் இதைக் குறையாகத்தான் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

முடிந்ததும் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு அடியில் பார்த்தேன். துப்புரவாக அசிங்கமாக இருந்தது. பழுப்பு, சாம்பல், அங்கங்கே வெல்டிங் தழும்பு, எல்லாவற்றின் மேலும் ஈரமான ஒரு மினுமினுப்பு. எது போய்விட்டது, எது இருக்கிறது என்று ஒவ்வொன்றும் தெரிந்தது.

மூன்று நாள் எண்ணெய் சொட்டியது. வாசல் சிமெண்டில் கறை. முதல் தடவை வண்டியை எடுத்தபோது சூட்டில் புகைந்து, வீட்டுக்குள் வரை ஆட்டு நாற்றம். அக்கா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசல்வரை வந்து பார்த்தாள். எழுந்து நடக்க ஆரம்பித்திருந்த நாட்கள். "ரெண்டு பேரும் சேந்து பண்ணுன லட்சணமால இது?" என்றாள். ஷிப்ட் குறைந்த விஷயத்தை அத்தான் அன்றைக்குச் சாயங்காலம் அவளிடம் சொன்னார். நான் மாடியில் இருந்தேன். கீழே வெகுநேரம் சத்தமில்லை. பிறகு பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

ஜனவரி கடைசியில் ஊர் திரும்பினேன். கார் இன்னும் ஓடுகிறது. ஒவ்வொரு அக்டோபரிலும் அத்தான் அடியில் படுத்தபடியே போன் பண்ணுகிறார். போன வாரமும் பண்ணினார். இடது பக்கப் பின் சக்கரத்துக்கு மேலே, வெல்டிங்குக்கு ஒரு சாண் தள்ளி, புதுசாக ஒரு ஐம்பது காசு அளவுக்குத் துரு தெரிகிறதாம். கேமராவைத் திருப்பிக் காட்டினார். ஆடிக்கொண்டே இருந்ததில் சரியாகத் தெரியவில்லை. "இன்னும் கிட்டக் காட்டுங்க அத்தான்" என்றேன்.